மக்கு என்பவன் யார்?

“பையன் மக்கு; ஏதாவது வேலைக்கு அனுப்புங்கள்!” இச்சொல் கேட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பிய தொழிலாளத் தோழர்கள் எத்தனை பேர்!

நாம் கேட்கிறோம்: கரும்பலகை தெரியாத கண் மக்கா? பாதிச் சொல் கேளாத காது மக்கா? எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா எனும் கற்றல் குறைபாடு இருக்கலாம். அது அறிவுக் குறைவன்று, பிரம்பால் தீருவதுமன்று. ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் படிப்படியாகக் கற்பித்தால் அவனும் படிப்பான்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் கண்டது 7 வகைக் குறைபாடுகளை. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ 21 வகைகளை ஏற்றது. கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அதை விரைவில் கண்டறிவது பள்ளியின் கடமை என்றது. தொடக்கப்பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2022இல் ஒன்றிய அரசும் அறிவித்தது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? தறி அறியாதவரைத் தறியில் நிறுத்துவோமா? பிள்ளையின் வளர்ச்சியைக் கற்றுக்கொடுக்காமல் ஆசிரியரை வகுப்பில் நிறுத்துவது மட்டும் முறையோ? குற்றம் ஆசிரியருடையதன்று, பயிற்சியினுடையது. தேர்வெழுதி மறக்கும் ஒரு தாளாக அது முடியலாகாது. இப்பிள்ளைகளோடு பழகிக் கற்கும் பயிற்சியாக வேண்டும்.

தோழர்களே! இனித் தலைகுனியாதீர். “கண்ணைச் சோதித்தீர்களா? காதைச் சோதித்தீர்களா? கற்பிக்கும் முறையை மாற்றிப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை!