மதிப்பெண் பட்டியல் கேட்காத வேலை

கல்லூரி மாணவர்கள் ஃப்ரீலான்ஸ் பக்கம் போவதைப் பார்த்து, 'இந்தத் தலைமுறைக்கு மேலதிகாரியின் கீழ் வேலை பார்க்கப் பொறுமையில்லை' என்று பலரும் சொல்கிறார்கள். காரணம் அவர்களின் மனப்போக்கில் இல்லை, வளாக நேர்காணலின் வாசலில் இருக்கிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4 தான். பட்டதாரிகள் பெருகியதும் நிறுவனங்கள் சலித்தெடுக்கத் தொடங்கின. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்பது பல அறிவிப்புகளில் முதல் வரி. பிளஸ் டூவில் 58 எடுத்தவர் இன்று எவ்வளவு நன்றாகக் கோடிங் செய்தாலும் தேர்வு அறைக்குள் நுழைய முடியாது. வெப்சைட் செய்து தரச் சொல்லும் வாடிக்கையாளரோ, இதற்கு முன் செய்ததைக் காட்டு என்று மட்டுமே கேட்கிறார். பழைய மதிப்பெண்ணை இன்றைய திறமையால் மீற இடம் கிடைப்பதுதான் மாணவர்களை இழுக்கிறது.

இது நிலையில்லாத பிழைப்பு என்ற ஆட்சேபம் நியாயமானது. ஃபைவர் தளத்தில் 100 டாலருக்கு வேலை செய்தால் 20 டாலர் கமிஷனாகப் போய்விடும். மீதியிலும் ரூபாயாக மாற்றும்போது கொஞ்சம் கரையும். பி.எஃப். கிடையாது. ரிவ்யூ இல்லாத புதியவர் அடிமாட்டு விலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது; சின்னச் சின்ன வேலைகளை ஏஐ வேறு பறிக்கிறது. ஆனால் மாதச் சம்பளமும் அவ்வளவு உறுதியாக இல்லை. 2022-ல் ஐ.டி. நிறுவனங்களின் ஆஃபர் லெட்டர் பெற்ற பலர் சேரும் தேதிக்காக ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். தவிர, வீட்டு ஆதரவோடு படிக்கும் காலத்தில் ஓர் ஆர்டர் கைநழுவினால் பெரிய நஷ்டமில்லை. உண்மையான சிக்கல் பட்டம் வாங்கிய பிறகுதான். கல்விக் கடனின் தவணை வழக்கமாகப் படிப்பு முடிந்த ஓராண்டில் தொடங்கிவிடும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, வருமானம் சீராகும்வரை காத்திருக்க வசதியில்லை. மதிப்பெண் தடையைத் தாண்டியவரைப் பணம் தடுக்கிறது.

ஆகவே மாணவர்களுக்கு எச்சரிக்கையைவிடப் பயிற்சியே தேவை. விலை சொல்வது, முன்பணம் கேட்பது, எத்தனை முறை திருத்தித் தருவோம் என்பதை எழுத்தில் உறுதி செய்வது, இன்வாய்ஸ் அனுப்புவது, சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது: இவை எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் சொல்லித் தந்துவிடலாம். அதோடு, செய்து முடித்த வேலையைக் காட்டும் மாணவருக்கு நேர்காணலிலும் இடம் தர வேண்டும் என்று பிளேஸ்மென்ட் பிரிவுகள் நிறுவனங்களிடம் வாதாட வேண்டும். அப்போதுதான் ஃப்ரீலான்ஸ் என்பது வேறு வழியின்றிப் போய்ச் சேரும் இடமாக இல்லாமல், மாணவர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் தொழிலாக இருக்கும்.