இரண்டு விடியல்கள் கண்ட விமானம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும் இலங்கையின் தென்கரைக்கும் இடையே ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் ஏழு மணி நேரத்தில் கடந்துவிடும். 1943-ல் அதே தூரத்துக்குச் சராசரியாக 28 மணி நேரம் ஆனது. ஒருமுறை 32 மணி நேரத்தையும் தாண்டியது. வழியில் இறங்க ஒரு தீவுகூடக் கிடையாது என்று வைத்துக்கொண்டுதான் புறப்பட்டார்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு இருந்த வான்வழி அறுந்துபோனது. அதை மறுபடி இணைக்க, 1943-ன் நடுப்பகுதியில் குவான்டாஸ் விமான நிறுவனம் பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் காலி நகருக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிக்குப் பறக்கத் தொடங்கியது. நீரிலிருந்தே எழும்பி நீரிலேயே இறங்கும் கேட்டலினா விமானங்கள் ஐந்து. மணிக்கு 200 கிலோமீட்டர்தான் வேகம்.

அந்த வேகத்தில் இத்தனை தூரம் போக, விமானம் சுமந்ததெல்லாம் பெட்ரோல்தான். கூடுதல் டாங்குகள் பொருத்தினார்கள். எடையைக் குறைக்க, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள். மிஞ்சிய இடத்தில் அதிகபட்சம் மூன்று பயணிகள், 69 கிலோ அஞ்சல். அவ்வளவே. புறப்படும்போது இருந்த பாரத்தில் ஒரு இன்ஜின் நின்றால் மற்றொன்றை மட்டும் நம்பிப் பறக்க முடியாது.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்று பள்ளியில் படிக்கிறோம். வானத்தில் அந்தக் கணக்கு பாதிதான். எதிர்க்காற்று சில மணி நேரத்தைத் தின்றுவிடும். யாருடைய வானத்தில் பறக்கிறோம் என்பது வழியையே மாற்றிவிடும். உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதால், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்லும் ஃபின்னேர் விமானம் ஒன்பதரை மணி நேரத்துக்குப் பதில் பதின்மூன்று மணி நேரம் சுற்றிப் போகிறது. நகரங்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

கேட்டலினாக்களுக்கும் அதே நெருக்கடி, இன்னும் கொடுமையான வடிவில். ஜப்பானிய விமானங்கள் நடமாடும் பகுதியை இருட்டிலேயே கடந்தாக வேண்டும். ரேடியோவில் பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும், அதனால் பேச்சில்லை. நட்சத்திரங்களை அளந்து திசை கணித்தார்கள். புறப்பட்டு, இரவெல்லாம் பறந்து, இறங்குவதற்குள் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்துவிடுவார்கள். அதனால்தான் ‘இரட்டை விடியல்’ என்ற பெயர் நிலைத்தது. பயணிகளுக்கு அந்தப் பெயரிலேயே சான்றிதழும் கொடுத்தார்கள்.

1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. விமான வரலாற்றில் எந்தச் சாதனையையும்விட இதையே நான் மேலாக மதிக்கிறேன். சிட்னியிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் இருபது மணி நேரம் பறக்கும் திட்டத்துக்குக் குவான்டாஸ் இன்று ‘சன்ரைஸ்’ என்று பெயர் வைத்திருப்பது இவர்களை நினைத்துத்தான்.

அந்த ஐந்து விமானங்களும் அமெரிக்காவிடம் கடனுதவி ஒப்பந்தத்தில் பெற்றவை. போர் முடிந்ததும், ஒப்பந்தப்படி, அனைத்தையும் ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடித்தார்கள். ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம்.