அடிவயிற்றுக்குக் கவசம்

மணாலியிலிருந்து ஸ்பிதிக்குப் போகும் வழியில், கிராம்பூவைத் தாண்டியதும் பல இடங்களில் பாதை என்பதே உருண்ட பாறைகளும் பனி உருகி ஓடும் ஓடைகளும்தான். ஒரு கல் இடித்து ஆயில் சம்ப் உடைந்தால் போதும், எண்ணெய் வழிந்துவிடும். அதற்குப் பிறகும் ஓட்டினால் இன்ஜின் இறுகி நின்றுவிடும். காஜா போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும்.

அதனால்தான் அடியில் தகடு மாட்டுகிறார்கள். ஆனால் 1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன் உள்ள எஃகுத் தகடே சுமார் 19 கிலோ. இன்ஜின், கியர்பாக்ஸ், டாங்க் என்று மூன்று தகடு மாட்டினால் ஓர் ஆளின் எடை கூடி, ஸ்பிரிங் அமுங்கும். 2020-இல் வந்த மஹிந்திரா தாரின் தரை இடைவெளி 226 மி.மீ. தகடு தாழத் தொங்கினால், முன்பு தப்பிய கற்களும் இடிக்கும்.

ஸ்பிரிங்கை உயர்த்தினாலும் முழுப் பலன் இல்லை. பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் சக்கரங்களோடு சேர்ந்தே இருப்பதால், அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே. அலுமினியத் தகட்டின் எடை மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பாறையில் வழுக்காமல் சிராய்த்துக்கொள்ளும்.

சம்ப்பை ஒட்டி, சேஸிஸுக்கு நெருக்கமாக, முன்விளிம்பு மேல்நோக்கிச் சாய்ந்த எஃகுத் தகடு ஒன்றே பெரும்பாலும் போதும். பழகிய ஓட்டுநர் இறங்கிப் பார்த்து, பாறையை அடியில் விடாமல் சக்கரத்தை அதன் மேல் ஏற்றுகிறார். தகடு, அந்தக் கணக்கு தப்பும் நாளுக்காக.