மருத்துவ ஆய்வும் பதின்ம வயதினரின் இசைவும்

2021 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எமது நாட்டு மாணவர்களுக்குப் பைசர் கொவிட் தடுப்பூசி ஏற்றப்பட்டமையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தடுப்பூசி 12 முதல் 15 வயது வரையானோருக்கு உகந்ததா என அறிவதற்காக அமெரிக்காவில் நடைபெற்ற ஆய்வில் 2,260 சிறுவர் சிறுமியர் பங்குபற்றினர். அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு மருந்தற்ற உப்புநீரே ஏற்றப்பட்டது. வளர்ந்தோருக்குரிய மருந்தளவு வளரும் உடலுக்குப் பொருந்தாதிருக்கலாம் என்பதால், இத்தகைய ஆய்வுகள் தவிர்க்க முடியாதவை. முன்வந்த அப்பிள்ளைகளுக்கு எமது பிள்ளைகளும் கடமைப்பட்டுள்ளனர்.

எனினும், முன்வருவது வேறு, முன்னிறுத்தப்படுவது வேறு. 2009 இல் இந்தியாவின் ஆந்திர மாநிலத்துக் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயது வரையான சிறுமியருக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி ஏற்றும் திட்டமொன்று ஆரம்பிக்கப்பட்டது. ஏழு சிறுமியர் உயிரிழந்ததையடுத்து 2010 ஏப்ரலில் அது இடைநிறுத்தப்பட்டது. அம்மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமன்று என விசாரணைக் குழு முடிவு செய்தது. ஆனால், ஆந்திராவின் 9,543 சம்மதப் படிவங்களுள் 2,763 இல் பெற்றோருக்குப் பதிலாக விடுதிப் பொறுப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தமை வெளிச்சத்துக்கு வந்தது. குறை தடுப்பூசியில் அன்று, சம்மதம் பெறப்பட்ட முறையிலேயே இருந்தது. இதே நோய்க்கான தடுப்பூசி எமது தேசிய தடுப்பூசித் திட்டத்தில் 2017 இல் சேர்க்கப்பட்டு மாணவிகளுக்கு ஏற்றப்படுகின்றது என்பதையும், அது ஆய்வன்று என்பதையும் இங்கு குறிப்பிடுதல் அவசியம்.

சிகிச்சையின் நோக்கம் நோயாளியின் நலன். ஆய்வின் நோக்கமோ அறிவைத் தேடுதல். இவ்வேறுபாட்டைப் பெற்றோர் உணர்தல் வேண்டும். உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம், பாதுகாவலரின் சம்மதத்துடன், விளங்கிக்கொள்ளக்கூடிய பிள்ளையின் இசைவும் பெறப்பட வேண்டுமென்கின்றது. பிள்ளை மறுத்தால் அம்மறுப்பு மதிக்கப்பட வேண்டும். இடையில் விலகிக்கொள்ளவும் பங்குபற்றுவோருக்கு உரிமையுண்டு. அதனால் அவர்களது சிகிச்சை பாதிக்கப்படலாகாது.

வைத்தியரின் சொல்லையோ ஆசிரியரின் சொல்லையோ மறுத்துப் பேசும் பழக்கம் எம்மிடையே குறைவு. மரியாதையின் பெயரால் வரும் அம்மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாகாது. படிவம் தாய்மொழியில் உள்ளதா, ஒழுக்கநெறிக் குழு அனுமதி வழங்கியுள்ளதா, பாதிப்பு ஏற்படின் யார் பொறுப்பு என்று வினவுவது அவமரியாதையாகாது. கையொப்பமிடுமுன் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்போம். ஊசி ஏறப்போவது அப்பிள்ளையின் உடலிலேயே அன்றி எமது உடலில் அன்று.