ரெண்டு டப்பாவிலும் 2 ஜிபி! எதை வாங்குவது?



நம்ம குழுக்களில் உள்கடன் வாங்கி டிடிபி சென்டர், போட்டோ பிரிண்ட், ஜெராக்ஸ் கடை என்று வைத்திருக்கும் உறுப்பினர்கள் உண்டு. பெரும்பாலும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கித்தான் ஆரம்பிக்கிறோம். கொஞ்ச நாள் போனதும் "அக்கா, கிராஃபிக்ஸ் கார்டு போட்டாத்தான் சரியா ஓடும்" என்று சர்வீஸ் பண்ண வருகிற தம்பி சொல்வார். கடைக்குப் போனால் ரெண்டு டப்பாவை எடுத்து வைப்பார்கள். ஒன்று ஜிஃபோர்ஸ் ஜிடி 710, இன்னொன்று ஜிடி 1030. ரெண்டிலும் 2 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். "ரெண்டும் 2 ஜிபிதாம்மா, விலை கம்மியா இருக்கறதை எடுத்துக்குங்க" என்பார் கடைக்காரர்.

கட்டப் போவது குழுப் பணம். வட்டியும் நாமதான் கட்டணும். அதனால் டப்பாவில் இருக்கும் மற்ற எண்களையும் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. படிப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை.

முதலில் ஒன்று. கார்டு எல்லாருக்கும் தேவைப்படாது. டைப்பிங், டேலி, ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, இதற்கெல்லாம் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பதுதான் குறை என்றால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், ரேமைக் கூட்டுங்கள். அதில் தெரிகிற மாற்றம் இந்தச் சின்ன கார்டுகளில் தெரியாது. ஆனால் சில பிராசஸர்களில் கிராஃபிக்ஸே கிடையாது (இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடியும் மாடல்கள் அப்படி). அங்கே கார்டு இல்லாமல் திரையே வராது. ரெண்டு மானிட்டர் வைத்து வேலை செய்பவர்களுக்கும், போட்டோ, டிசைன் வேலை அதிகமாகச் செய்பவர்களுக்கும் கார்டு உதவும்.

அப்பளக் கணக்கு

இப்ப ஒரு அப்பளம் போடும் இடத்தை நினைச்சுப் பாருங்க. எத்தனை பேர் உட்கார்ந்து தேய்க்கிறார்கள் என்பதுதான் கார்டில் 'கோர்' எண்ணிக்கை. ஒவ்வொருவர் கையும் எவ்வளவு வேகம் என்பது 'கிளாக்', அதை மெகாஹெர்ட்ஸில் போடுவார்கள். 2 ஜிபி என்பது பிசைந்த மாவு வைத்திருக்கும் அண்டா. அண்டா பெரிசு என்பதால் மட்டும் அப்பளம் அதிகமாகிவிடாது இல்லையா?

ஜிடி 710-ல் 192 கோர், வேகம் 954 மெகாஹெர்ட்ஸ். ஜிடி 1030-ல் 384 கோர், வேகம் 1227-ல் தொடங்கி 1468 வரை போகும். ஆள் இரண்டு மடங்கு, கை வேகமும் கூட. ஆளையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் 1030-ன் வேலைத் திறன் ஏறக்குறைய மூன்று மடங்கு. அண்டா மட்டும் ஒரே அளவு!

இதோடு முடிந்தது என்றால் நானும் "1030 வாங்குங்க" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவேன். சிக்கல் அடுத்துதான் வருகிறது.

அண்டாவிலிருந்து மாவு உருண்டை தேய்ப்பவர் கைக்கு வந்து சேரணும். அது மெதுவாக வந்தால் 384 பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்த வேகத்தைத்தான் 'மெமரி பேண்ட்விட்த்' என்கிறார்கள். ரெண்டு கார்டிலும் மாவு வரும் வழியின் அகலம் ஒன்றுதான், 64 பிட். அதாவது ஒரு நடைக்கு 8 பைட். ஆனால் எந்த வகை மெமரி என்பதைப் பொறுத்து நடையின் வேகம் மாறும். டிடிஆர்3 மெமரி உள்ள ஜிடி 710-ல் விநாடிக்கு 14.4 ஜிபி வரும். ஜிடிடிஆர்5 மெமரி உள்ள ஜிடி 1030-ல் 48 ஜிபி.

இங்கேதான் ஏமாறுகிறோம். ஜிடி 1030 முதலில் 2017 மே மாதம் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. 2018-ல் அதே பெயரில், அதே 2 ஜிபி என்று, டிடிஆர்4 மெமரி போட்ட இன்னொன்றையும் விட்டார்கள். அதில் வேகம் விநாடிக்கு 16.8 ஜிபிதான். மூன்றில் ஒரு பங்கு சொச்சம். ஆள் 384 பேரும் இருக்கிறார்கள், மாவு வந்து சேரவில்லை. கேம்களில் சோதித்துப் பார்த்தவர்களுக்குப் பல இடங்களில் பாதி வேகம்தான் கிடைத்தது. பெயரை மாற்றாமல் இப்படிச் செய்தது நியாயமே இல்லை என்பது என் கருத்து. அதனால் "1030 இருக்கா?" என்று கேட்காதீர்கள். "1030, ஜிடிடிஆர்5 இருக்கா?" என்று கேளுங்கள். 710-லும் டிடிஆர்3, ஜிடிடிஆர்5 என ரெண்டு வகை உண்டு.

கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். 710-க்கு 19 வாட், 1030-க்கு 30 வாட். தினம் 10 மணி நேரம், மாதம் 25 நாள் முழு வேகத்தில் ஓடினாலும் வித்தியாசம் 3 யூனிட்டுக்குள்தான். ரெண்டுக்கும் தனியாக பவர் வயர் வேண்டாம், போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும்.

மானிட்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்

நம்மில் பலர் வைத்திருப்பது பழைய மானிட்டர். பின்னால் நீலக் கலர் விஜிஏ சொருகி மட்டும்தான் இருக்கும். 710 கார்டுகள் பலவற்றில் விஜிஏ உண்டு. 1030-ல் கிடையாது. எச்டிஎம்ஐ, டிவிஐ, இல்லாவிட்டால் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும். டிவிஐ-யில் மாட்டுகிற மலிவான சின்ன அடாப்டரை வாங்கி விஜிஏ மானிட்டரைச் சேர்த்தால் படம் வராது, ஏனென்றால் இந்தக் கார்டு பழைய அனலாக் சிக்னலை அனுப்புவதே இல்லை. எச்டிஎம்ஐ-யை விஜிஏ-வாக மாற்றித் தரும், உள்ளே சர்க்யூட் உள்ள கன்வெர்ட்டர்தான் வேண்டும். கார்டு விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒல்லியான கேபினெட் என்றால் 'லோ புரொஃபைல்' கார்டுதான் உள்ளே போகும். ரெண்டிலும் அந்த வகை கிடைக்கிறது. குட்டைத் தகடு டப்பாவுக்குள் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள்.

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக 1030 வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். புதுவகை வீடியோவை ஓட்டிக் காட்டுவதில் அது 710-ஐ விட நன்றாகவே உதவும். ஆனால் முடித்த வீடியோவை ஃபைலாக மாற்றும் 'என்கோடர்' பகுதி அதில் வைக்கப்படவில்லை. அந்த வேலை முழுக்க பிராசஸர் தலையில்தான் விழும். அதற்காக மட்டும் என்றால் பணம் வீண்.

இன்னொரு விஷயம் வயசு. 710 கடைக்கு வந்தது 2016-ல் என்றாலும் உள்ளே இருப்பது 2012-ல் வந்த கெப்ளர் வகைச் சில்லு. அதற்குப் புதிய டிரைவர் தருவதை என்விடியா 2021-ல் நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு முடிந்தன. 1030-க்கு வழக்கமான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றன, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக அறிவித்திருக்கிறார்கள். ஆகவே திரை வந்தால் போதும் என்பவர்களுக்கு 710, அதுவும் ரொம்ப மலிவாகக் கிடைத்தால். மற்றவர்கள் 1030 ஜிடிடிஆர்5 பாருங்கள். 1030 டிடிஆர்4-ஐ 1030 விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் பணம் கொடுக்கும் முன்பே கார்டை மாட்டி ஓடவிடச் சொல்லுங்கள். 'ஜிபியு-இசட்' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் மெமரி வகை, பேண்ட்விட்த் ரெண்டும் தெரியும். 48 என்று காட்டுகிறதா, 16.8 என்று காட்டுகிறதா பாருங்கள். பழைய கார்டுக்குப் புதுப் பெயர் ஏற்றி விற்பதும் நடக்கிறது. அப்படிப் பலவற்றைக் கண்டுபிடித்து 'ஃபேக்' என்று அதுவே காட்டிவிடும். பில்லில் வெறும் 'கிராஃபிக்ஸ் கார்டு 2 ஜிபி' என்று எழுத விடாதீர்கள். மாடல் பெயர், மெமரி வகை ரெண்டையும் எழுதி வாங்கி, அந்த பில் நகலைக் கடன் பதிவேட்டோடு வைத்துவிடுங்கள்.