மண்டிக் கணக்கும் மகளின் கணக்கும்

ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கேரளா லாரிகளுக்கு லோடு ஏறும் நேரத்தில்தான் மகள் கல்லூரி முடிந்து பஸ்ஸில் வந்து இறங்குவாள். பி.எஸ்சி. கணிதம். வகுப்பில் மொத்தமே 24 பேர்.

பெரிய கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையே என்று போன வருஷம் எனக்குள் ஒரு குறை. அவள் அம்மாவுக்கோ பொழுது சாய்வதற்குள் பிள்ளை வீடு திரும்பினால் போதும். பள்ளியில் தமிழில் படித்த கணக்கு இங்கே ஆங்கிலத்தில். ‘சார்பு’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். ‘ஃபங்ஷன்’ என்றதும் கல்யாண வீடுதான் ஞாபகம் வந்ததாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

24 பேர் என்பதன் அருமை பிறகுதான் புரிந்தது. கடைசி பெஞ்சில் ஒளிய முடியாது. இரண்டு நாள் போகாவிட்டால் பேராசிரியை போன் செய்துவிடுவார். செமஸ்டர் தேர்வுக்கு 75, அக மதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண். மாதத் தேர்வும் அசைன்மென்ட்டும் அந்த 25-இல் அடக்கம். பிளஸ் டூ மாதிரி கடைசி நேரத்தில் உருப்போட்டுத் தப்பிக்கிற கதை இல்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. முதல் பணத்தில் ஆங்கில அகராதி. அடுத்ததில், என்னைக் கேட்காமல், அம்மாவுக்குச் செருப்பு.

முதல் செமஸ்டரில் ஒரு அரியர். அடுத்த முறை எழுதித் தேறிவிட்டாள். இப்போதெல்லாம் கமிஷன் கணக்கில் நான் தடுமாறினால், “தள்ளுங்கப்பா” என்று பேனாவைப் பிடுங்குகிறாள்.