இரண்டரை வயதில் உல்லாசப் பிரயாணம்!

இந்தக் காலத்தில் குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் வந்தால், அதன் பின்னாலேயே அதற்குரிய சம்பிரதாயங்களும் வந்து சேருகின்றன. ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி, இவற்றுக்கெல்லாம் சிகரமாக உல்லாசப் பிரயாணம்! "வருகிற வெள்ளிக்கிழமை குழந்தைகளை வண்டலூர் மிருகக் காட்சிச் சாலைக்கு அழைத்துச் செல்கிறோம், சம்மதமாயின் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று ஒரு துண்டுக் காகிதம் வீடு தேடி வருகிறது. குழந்தைக்கு வயது இரண்டரை.

அன்று மாலை அந்த வீட்டில் ஒரு சிறிய பார்லிமெண்டு கூடிவிடுகிறது. "பச்சைக் குழந்தையை வண்டியில் ஏற்றி அனுப்புவதாவது!" என்கிறார் பாட்டியார். "நாலு இடம் பார்த்தால்தான் அறிவு வளரும்" என்கிறார் தகப்பனார். இரு கட்சிக்கும் நடுவில் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் தாயார். சென்னையில் மட்டுமல்ல, கோயமுத்தூர், மதுரை, திருச்சி போன்ற நகரங்களிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இது இன்று மெய்யான சங்கடமாயிருக்கிறது. ஆகவே, இரு கட்சியின் நியாயத்தையும் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் தகப்பனாருடைய கட்சி. இந்தக் கட்சிக்குப் பெரிய மனிதர்களின் ஆதரவு உண்டு. 1837-ம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் பிராபெல் என்பவர் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். பின்னர் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். அதன் பொருள் 'குழந்தைகளின் தோட்டம்' என்பதே. நம் நாட்டில் கிஜுபாய் பதேகா 1920-ல் பாவநகரில் பால மந்திரம் தொடங்கினார். மேரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல், தமது அறுபத்தொன்பதாவது வயதில், சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தை புத்தகத்தினால் அல்ல, கண்ணாலும் கையாலும் காலாலும் கற்கிறது என்பதில் இவர்கள் அனைவரும் ஒரே அபிப்பிராயம் உடையவர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிராபெலின் தோட்டம் பள்ளியின் வாசலிலேயே இருந்தது. குழந்தைகள் அதற்காக மோட்டார் வண்டியில் ஒன்றரை மணி நேரம் குலுங்கிக்கொண்டு போகவில்லை. மாண்டிசோரி அம்மையாரும் சிறு குழந்தை ஓரிடத்தைப் போய்ச் சேர்வதற்காக நடப்பதில்லை, நடப்பதற்காகவே நடக்கிறது என்று கண்டவர். வழியில் ஓர் எறும்பைக் கண்டால் அது அங்கேயே நின்றுவிடும். அந்த எறும்புதான் அன்றைய பாடம்.

வண்டலூர் மிருகக் காட்சிச் சாலையோ 602 ஹெக்டேர் பரப்புள்ளது. ஏக்கர்க் கணக்கில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு. 1855-ல் பட்டணத்துக்குள் ஆரம்பமான சிறிய சாலை, இடம் போதாமல் வண்டலூருக்கு மாற்றப்பட்டு 1985-ல் பொது ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. மிருகங்கள் விசாலமாக உலாவுவதற்கு ஏற்ற இடம். ஆனால் இரண்டரை வயதுக் கால்களுக்கு அது ஒரு கண்டத்தைக் கடப்பதற்குச் சமானம். சிங்கம் தூரத்தில் புதர் நிழலில் படுத்திருக்கும். ஆசிரியை கையை நீட்டிக் காட்டுவார். குழந்தை காலடியில் ஓடும் அணிலைப் பார்க்கும். வீட்டுக்கு வந்ததும், "என்ன பார்த்தாய், கண்ணே?" என்று கேட்டால், "காக்கா!" என்று பதில் வரும். இது குழந்தையின் குற்றமல்ல. அணிலும் காக்கையும் அதற்கு எட்டும் உலகம். சிங்கம் எட்டாத உலகம்.

இனி உடம்பின் விஷயம். ஒன்று இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வரையறுத்திருக்கிறது. பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. பிரயாண நாளில் முதலில் பலியாவது அந்தப் பகல் தூக்கந்தான். மேலும், குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு பெரியவர்களுக்கு இருப்பதைவிட அதிகம். ஆகையால் நம் ஊர் வெயிலில் அதன் உடம்பு விரைவில் சூடேறும், நீர் வற்றும். தாகமாயிருக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை அழும். அழுகைக்குக் காரணம் ஆசிரியைக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்; ஆனால் அம்மா அங்கே இல்லை.

அடுத்தபடியாக, எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை பெரியவர்கள் என்ற கேள்வி. 2013-ல் வெளியான நமது தேசியக் கொள்கை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒருவராவது பொறுப்பாளர் இருக்கவேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக் குழந்தைகள் ஐவருக்கு ஒருவர் என்பது 2023 முதல் சட்டம். இவை குறைந்தபட்சக் கணக்குகளே. திறந்த வெளியில், கூட்டத்தின் நடுவில், ஒரு பெரியவருக்கு இருப்பவை இரண்டு கைகள்தாம். ஆகவே இரண்டு குழந்தைகளுக்கு ஒருவர் என்பதே நியாயமான கணக்கு.

இதை வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2007 பிப்ரவரியில் கேரளத்தில் தட்டேக்காடு என்னுமிடத்தில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து பதினைந்து மாணவர்களும் மூன்று ஆசிரியர்களும் மாண்டார்கள். 2024 ஜனவரியில் வடோதரா நகரத்து ஏரியில் மீண்டும் அதே துயரம். பன்னிரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியைகளும் உயிரிழந்தார்கள். அங்கே சென்றவர்கள் நாம் பேசும் மழலைகளைவிட வயதில் மூத்தவர்கள். இரண்டு இடத்திலும் படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். வடோதராவில் பலருக்கு மிதவைச் சட்டை கூட அணிவிக்கவில்லை. உல்லாசப் பிரயாணத்தின் ஆபத்து புலியினிடத்திலோ சிங்கத்தினிடத்திலோ இல்லை. "இன்னும் இரண்டு பேர் ஏறட்டும்" என்ற அலட்சியத்திலேதான் இருக்கிறது.

அப்படியானால் பாட்டியாருடைய கட்சிதான் ஜயித்ததா? அதுவும் இல்லை. போகவேண்டாம் என்று வீட்டில் நிறுத்தப்பட்ட குழந்தை அங்கே என்ன செய்கிறது? பெரும்பாலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் தினந்தோறும் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் திரைக்கு முன்னால் உட்காரலாகாது. இதையும் அதே உலக சுகாதார ஸ்தாபனமே சொல்கிறது. மாடி வீட்டில் அடைபட்டுக் கிடப்பது பத்திரம் என்று எண்ணுவது வெறும் பிரமை.

நமது தீர்ப்பு இதுதான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கால்நடைப் பிரயாணமே உகந்தது. பள்ளியிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில் ஒரு தபாலாபீஸ் இருக்கும். காய்கறிக் கடை இருக்கும். குயவர் வீடோ, பூக்கட்டும் அம்மாளோ, கோயில் குளமோ இருக்கும். குளத்தைத் தூர நின்று பார்த்தால் போதும். கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்து, கொத்துமல்லியை முகர்ந்து பார்த்து, தபால் பெட்டியில் தன் கையால் ஒரு கார்டைப் போட்டுவிட்டு, மறுநாள் அந்தக் கார்டு தன் வீட்டுக்கே வந்து சேருவதைக் காணும் குழந்தை பெறும் ஆச்சரியத்துக்கு எந்தச் சிங்கமும் ஈடாகாது. இதற்குக் கட்டணமும் இல்லை. அங்கன்வாடிக் குழந்தையும் ஆங்கிலப் பள்ளிக் குழந்தையும் இதில் சமம்.

தூரப் பிரயாணத்துக்கு வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவேண்டியதில்லை. தன் பெயரையும் பெற்றோர் பெயரையும் சொல்லத் தெரியுமா? வயிறு வலிக்கிறது, தாகமாயிருக்கிறது, கால் வலிக்கிறது, வெளிக்குப் போகவேண்டும் என்று அந்நியரிடமும் கூச்சமின்றிச் சொல்லுமா? சொல்லும் குழந்தையை, மத்தியான்னச் சாப்பாட்டுக்குள் திரும்பும்படியாக அனுப்பலாம். சொல்லாத குழந்தையுடன் தாயோ தகப்பனாரோ பாட்டியோ கூடப் போகவேண்டும். "பெற்றோர் வரக்கூடாது" என்று சொல்லும் பள்ளிக்குக் கையெழுத்துத் தேவையில்லை, மறுப்புத்தான் தேவை.

கையெழுத்திடுமுன் பெற்றோர் தயங்காமல் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. வண்டியில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் வாரும் உண்டா? 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு இது 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் விதி, சலுகை அல்ல. ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுகிறவர் யார்? குடிநீரும் கழிப்பறையும் எங்கே? தண்ணீரில் இறங்குவதோ, படகில் ஏறுவதோ நிகழ்ச்சியில் உண்டா? உண்டென்றால் வேறு கேள்வியே வேண்டாம்.

கடைசியாக, பள்ளி நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. போகாத குழந்தையை மறுநாள் மூலையில் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களிடம் "நேற்று என்னென்ன பார்த்தோம்?" என்று பாடம் நடத்தாதீர்கள். பணம் கொடுக்க இயலாமலோ, துணைக்குப் போக லீவு கிடைக்காமலோ நின்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. அந்தக் குழந்தையின் மனம் வாடுவதை எந்தப் பிரயாணத்தின் புகைப்படமும் ஈடு செய்யாது.

மூன்று வயதுக்கு முன் பார்த்தவற்றில் அநேகமாக எதுவும் பெரியவர்களான பிறகு நினைவில் தங்குவதில்லை. ஆனால் உலகம் நம்பத்தக்க இடமா, அஞ்சத்தக்க இடமா என்ற எண்ணம் அந்த வயதில்தான் வேர் ஊன்றுகிறது. அந்த எண்ணம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்புவதிலேயே செழிப்பாக வளரும். வண்டலூர்ச் சிங்கமோ அவசரமில்லாத பிராணி. இன்னும் இரண்டு வருஷம் அது தாராளமாகக் காத்திருக்கும்.